கதவு திறந்தது, கணக்குத் தீர்ந்ததா?

ஆலை வாயிற்கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினோம். கூட்டம் கலைந்தது. கலையாமல் நின்றார் ஒரு பெரியவர். நரைத்த தலை, பஞ்சுத் தூசி படிந்த சட்டை, கையிலே தூக்குச்சட்டி. அருகில் வந்து மெல்லக் கேட்டார்:

"தம்பி, ஆஸ்பத்திரிக் கதவை ஏழைக்கும் திறந்துவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று பேசினீர்கள். சரி. அப்படித் திறந்துவிட்ட நாட்டிலே ஏழையும் சீமானும் ஒரே வயதிலா சாகிறார்கள்?"

சுருக்கென்று தைத்தது கேள்வி. கைதட்டல் தந்த களிப்பு கரைந்தது. "தெரிந்துகொண்டு வந்து சொல்கிறோம், ஐயா" என்றோம். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்குச் சங்கு ஊதும் நேரம். நமக்குச் சிந்திக்கும் நேரம்.

தோழர்களே! அந்தப் பெரியவரின் கேள்விக்கு விடை தேடி ஏடுகளைப் புரட்டினோம். விடை கிடைக்கும் இடம் கடலுக்கு அப்பால் இருந்தது. பெரும் பணக்கார நாடுகளிலே முதன்முதலாக, காசு கேட்காமல், சாதி குலம் பாராமல், குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவத்தை உரிமையாக்கிய நாடுகளில் ஒன்று பிரிட்டன். எனவே அந்த நாட்டின் கணக்கைப் பார்ப்போம். வரவையும் பார்ப்போம், நிலுவையையும் பார்ப்போம்.

சுரங்கம் கொன்றது; சட்டம் மறுத்தது

1925ஆம் ஆண்டு. தெற்கு வேல்ஸ். மேலே பச்சை மலை. கீழே கருப்புச் சுரங்கம். நடுவிலே ட்ரெடீகர் என்றொரு சிற்றூர். அந்த ஊரிலே டேவிட் பெவன் எனும் சுரங்கத் தொழிலாளி மூச்சுத் திணறி மாண்டார். ஆண்டுக்கணக்கில் அவர் வெட்டியது நிலக்கரி; ஆண்டுக்கணக்கில் அவர் சுவாசித்தது அதன் தூசி. வெட்டிய கரி முதலாளியின் கஜானாவுக்குப் போயிற்று. சுவாசித்த தூசி தொழிலாளியின் நெஞ்சிலேயே தங்கிற்று.

இழப்பீடு கிடைத்ததா? ஒரு காசும் இல்லை! தூசியால் வரும் அந்த நுரையீரல் நோய் தொழிலால் வருகிற நோய்தான் என்று அன்றைய சட்டம் ஒப்பவில்லை. நிலக்கரித் தொழிலாளரின் தூசி நோய்க்கென்று தனி இழப்பீட்டுத் திட்டம் வந்தது 1943இல்! அதற்குள் எத்தனை மார்புகள் அடைபட்டனவோ, எத்தனை அடுப்புகள் அணைந்தனவோ!

அந்தத் தொழிலாளியின் மகன் அன்யூரின் பெவன். 13 வயதிலே பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர். பேசத் தொடங்கினால் நாக்குத் திக்கும். திக்கிய நாக்கைப் பழக்கிப் பழக்கியே பேச்சாளர் ஆனார். தொழிற்சங்கம் அவரை வளர்த்தது. 1929இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1945இல் அட்லி அமைச்சரவையிலே சுகாதார அமைச்சர் ஆனார். தந்தைக்கு நீதி மறுத்த நாட்டின் சுகாதாரத்துக்கே மகன் பொறுப்பாளர்!

பழிவாங்கினாரா? ஆம், வாங்கினார்! எப்படி என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

பவுனுக்கு மூன்று பென்ஸ்

பெவன் எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் தம் திட்டத்தைக் கற்கவில்லை. சொந்த ஊர்ச் சங்கத்தில் கற்றார்.

ட்ரெடீகர் தொழிலாளர்கள் 1890இலேயே மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றைக் கட்டியிருந்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் கூலியில் பவுனுக்கு 3 பென்ஸ் கொடுப்பர். அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஆக, 80 ரூபாய் கூலி வாங்குகிறவர் 1 ரூபாய் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் சங்கம் டாக்டர்களை அமர்த்தியது, மருந்து கொடுத்தது, ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. உழைப்பவனுக்கு மட்டுமா? மனைவிக்கும், மக்களுக்கும், உழைத்து ஓய்ந்தவர்களுக்கும்! 1940களில் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 24,000. அவர்களில் 22,800 பேர் இந்தச் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்தனர்.

கூலி அதிகம் வாங்குகிறவர் அதிகம் கொடுத்தார். நோய் அதிகம் உள்ளவர் அதிகம் பெற்றார். கொடுப்பது வசதியைப் பொறுத்து, பெறுவது தேவையைப் பொறுத்து. எத்தனை எளிய நியாயம்! எழுத்தறிவு குறைந்த சுரங்கத் தொழிலாளர்கள் எழுதாமலே இயற்றிய சட்டம் அது. ஏ. ஜே. க்ரோனின் என்ற இளம் டாக்டர் 1920களில் இந்தச் சங்கத்தில் வேலை பார்த்தவர்தான். பின்னர் எழுத்தாளராகி, 1937இல் 'சிட்டடல்' என்ற நாவலை வெளியிட்டு, டாக்டர் தொழிலின் பேராசையை ஊரறியச் செய்தார்.

எத்தனை வழிகள், எத்தனை அரசுகள்!

நோயாளியை அரசு எப்படி நடத்துகிறது என்பதிலே உலகம் பல வழி கண்டிருக்கிறது. நான்கைச் சொல்கிறோம்.

முதல் வழி சந்தை வழி. இருப்பவன் வாங்கு, இல்லாதவன் ஏங்கு! இடையிலே கொஞ்சம் தருமம். சீமான்கள் நன்கொடை கொடுத்த ஆஸ்பத்திரியின் வாசலிலே ஏழை கைகட்டி நிற்க வேண்டும். அமெரிக்கா நெடுங்காலம் இந்த வழியிலேயே நடந்தது. 1965இல்தான் முதியோருக்கும் ஏழைகளில் ஒரு பகுதியினருக்கும் அரசுக் காப்பீடு வந்தது. 2010இல் இன்னொரு சட்டம் வந்து மேலும் பலரைச் சேர்த்தது. அப்படியும் 2023ஆம் ஆண்டிலே அந்தச் செல்வ நாட்டில் 2 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாமல் இருந்தனர்.

இரண்டாவது, ஜெர்மனியின் பிஸ்மார்க் 1883இல் கண்ட வழி. தொழிலாளியிடம் இரண்டு பங்கு, முதலாளியிடம் ஒரு பங்கு பிடித்து நோய்க்கால நிதி கட்டும் சட்டம். பிஸ்மார்க்குக்குப் பாட்டாளி மீது பாசமா? இல்லை, தோழர்களே! சோஷலிஸ்டுகள் பக்கம் தொழிலாளி போய்விடுவானே என்ற பயம்! பயத்திலே பிறந்தாலும் அது பயன் தந்தது என்பதை மறைக்க மாட்டோம்.

மூன்றாவது, பிரிட்டனிலே லாயிட் ஜார்ஜ் 1911இல் கொண்டுவந்த இன்ஷூரன்ஸ். வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். நல்லதுதான். ஆனால் டாக்டர் பார்ப்பது உழைக்கும் ஆளை மட்டும். மனைவிக்கு இல்லை, மக்களுக்கு இல்லை! வேலை செய்யும் மாட்டுக்குப் புல் உண்டு, கன்றுக்குக் கிடையாது என்பது போன்ற ஏற்பாடு. வீட்டிலே தாய் நோயில் கிடப்பாள். "டாக்டருக்குக் கொடுக்கும் காசு குழந்தைக்கு ரொட்டியாகட்டும்" என்று வலியை மென்று விழுங்குவாள்.

நான்காவது வழிக்கு விதையிட்டது 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை. வறுமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை என்று ஐந்து அரக்கர்களை அது அடையாளம் காட்டியது. ஐவரையும் சேர்த்து வீழ்த்துவது அரசின் கடமை என்றது. இங்கே ஒன்றை நினைவில் முடிந்துவையுங்கள்: ஐந்து அரக்கர்கள்! நோய் அந்த ஐவரில் ஒருவன் மட்டுமே. கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவோம்.

பெவன் அமைச்சரானதும் நான்காவது வழியைச் சட்டமாக்கினார். வரிப்பணத்திலே செலவு, நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிமை, சிகிச்சை பெறும் நேரத்திலே கட்டணம் கிடையாது. ஊர்ச் சங்கத்தை நாடாக்கினார் என்று சொன்னால் அது மிகையாகாது. அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

டாக்டர்மார் கொடி பிடித்தனர்

சும்மா விட்டார்களா? சட்டம் 1946இல் நிறைவேறியது. டாக்டர்களின் சங்கம் சீறி எழுந்தது. "எங்களைச் சர்க்கார் சம்பளக்காரர் ஆக்கப் பார்க்கிறார்கள்! சுதந்திரம் போயிற்று!" என்றது. 1948 பிப்ரவரியில் டாக்டர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் திட்டத்தை எதிர்த்தனர்.

எந்தச் சுதந்திரம் போயிற்று? ஒன்றைச் சொல்கிறோம், கேளுங்கள். அதுவரை ஒரு டாக்டர் தம் ஊர் நோயாளிகளைக் கடைச் சரக்குப் போல இன்னொரு டாக்டருக்கு விலைக்கு விற்கலாம். பணக்காரத் தெருவிலே தொழில் என்றால் பெரிய விலை. சுரங்கத் தெரு என்றால் சின்ன விலை. அந்த விற்பனையைச் சட்டம் ஒழித்தது. மளிகைக் கடையை விற்கலாம். மனிதனின் நோயை விற்கலாமா?

பெவன் போராடினார், பேரமும் பேசினார். பெரிய சிறப்பு மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே பணம் கொடுப்போருக்குத் தனிப் படுக்கை வைத்துக்கொள்ள இணங்கினார். பொன்னைத் திணித்து அவர்கள் வாயை அடைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார் என்பர். இந்த விட்டுக்கொடுப்பை நாம் பாராட்டவில்லை. ஆனால் அதைக் கொடுத்து எதைப் பெற்றார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

1948 ஜூலை 5! அன்று காலை தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. 2,500க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் பொதுச் சொத்தாயின. கதவு திறந்தது!

உள்ளே வந்தவர்கள் யார் தெரியுமா? வருடக்கணக்கில் வலியை மறைத்த தாய்மார்கள். குடல் இறக்கத்தைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கிய கூலிகள். கடையிலே குவித்திருந்த மூக்குக்கண்ணாடிகளில் ஏதோ ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, தெரிந்த மட்டும் பார்த்து வாழ்ந்த கிழவர்கள். முதல் ஆண்டிலேயே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் வழங்கப்பட்டன! "ஐயோ, வீண் செலவு, மக்கள் பேராசை!" என்று அலறினர் சில கனவான்கள். பேராசையா அது? அதுநாள்வரை அத்தனை இலட்சம் கண்கள் மங்கிக் கிடந்தன என்பதற்குச் சாட்சி அல்லவா!

1951இல் பண முடை வந்தது. கொரியப் போரை ஒட்டிப் படைச் செலவு ஏறியது. பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் போட நிதியமைச்சர் முடிவு செய்தார். பெவன் பதவியைத் தூக்கி எறிந்தார். பல்லுக்கும் கண்ணாடிக்குமா ஒரு மந்திரி ராஜினாமா என்று நகைத்தனர். நகைத்தவர்களுக்குப் புரியவில்லை. கதவிலே ஒரு சாவி நுழைந்தால் பின்னால் பூட்டும் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டே, 1952இல், மருந்துச் சீட்டுக்கு 1 ஷில்லிங் கட்டணம் வந்தது! 1965இல் போனது; 1968இல் மறுபடி வந்தது. பெவனைப் பெற்ற வேல்ஸ் மண்ணிலே 2007இல்தான் அது ஒழிந்தது.

நிலுவைக் கணக்கு

இதுவரை சொன்னது வரவு. இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். கதவு திறந்த நாட்டிலே ஏழையும் சீமானும் ஒரே வயதிலா சாகிறார்கள்?

இல்லை, தோழர்களே! இல்லை!

1977இல் பிரிட்டிஷ் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் சர் டக்ளஸ் பிளாக் என்ற மருத்துவ மேதை. கதவு திறந்து முப்பது ஆண்டுகள் ஆனபின் வர்க்கத்துக்கும் சாவுக்கும் உள்ள உறவு என்ன என்று அவர்கள் ஆராய்ந்தனர். கண்டது என்ன? தொழில் கற்ற மேல்தட்டினரைவிட, மூட்டை தூக்கியும் மண் வெட்டியும் வாழும் கடைத்தட்டினர் ஓய்வு வயதைக் காணாமலே சாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு! பிறந்து ஒரு மாதத்துக்குள் மடியும் குழந்தைகளிலும் அப்படியே: மேல்தட்டு வீட்டிலே ஒன்று என்றால் கூலி வீட்டிலே இரண்டு!

அறிக்கை தயாரானபோது ஆட்சி மாறியிருந்தது. புதிய ஆட்சியாளர்களுக்கு அந்த உண்மை கசந்தது. 1980 ஆகஸ்டில், ஊரெல்லாம் விடுமுறையில் இருந்த நாளாகப் பார்த்து, 260 பிரதிகள் மட்டும் உருட்டி எடுத்து வெளியிட்டனர். பரிந்துரைகளை ஏற்கப் பணம் இல்லை என்று அமைச்சர் முன்னுரையிலேயே கையை விரித்தார். நோய்க்கு மருந்து கேட்டால், நோயின் பெயரையே மறைத்த வைத்தியம்! ஆனால் மறைக்க மறைக்க அது பரவியது. 1982இல் மலிவுப் புத்தகமாகவே வந்து மக்கள் கைக்குச் சேர்ந்தது.

ஏன் இந்த இடைவெளி? முதல் காரணத்தை ஒரு கிராமத்து டாக்டர் சொன்னார். ஜூலியன் ட்யூடர் ஹார்ட் என்பது அவர் பெயர். தெற்கு வேல்ஸிலே கிளின்கோருக் என்ற சுரங்கக் கிராமத்தில் தொண்டாற்றியவர். 1971இல் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டிலே ஒரு விதியை எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம் அது குறைவாகவே போய்ச் சேருகிறது. சந்தையின் கை ஓங்க ஓங்க இந்தத் தலைகீழ் நிலை முற்றுகிறது. இதுதான் அவர் கண்ட விதி. நோய் மலிந்த தெருவிலே டாக்டர் குறைவு. நோய் குறைந்த தெருவிலே டாக்டர் மலிவு!

அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்குப் போக உள்நாட்டு டாக்டர்கள் தயங்கினர். காலியிடத்தை நிரப்பியவர்கள் யார்? இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய டாக்டர்கள்! வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சிலே காது வைத்துக் கேட்டவர்களில் நம்மவரும் உண்டு. பெருமைதான். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற கிராமங்களிலே நெஞ்சுவலிக்குக் காது கொடுத்தவர் யார்? தலைகீழ் விதி கடலையும் தாண்டி வேலை செய்திருக்கிறது!

டவாலி சேவகனின் இதயம்

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. 1967இல் லண்டனிலே அரசுப் பணியில் இருந்த ஆண்கள் 17,500க்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கினர். அரசு அலுவலகங்கள் நிறைந்த தெருவின் பெயரால் அது 'வைட்ஹால் ஆராய்ச்சி' எனப்பட்டது. மைக்கேல் மார்மட் என்பவர் அதன் கண்டுபிடிப்புகளை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர்.

யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை. எல்லோருக்கும் மாதச் சம்பளம். யாருக்கும் பட்டினி இல்லை. யாரும் சுரங்கத்தில் இறங்கவில்லை. எல்லோருக்கும் அதே இலவச ஆஸ்பத்திரி. ஆயினும், கடைநிலையில் இருந்த சேவகர்களும் வாயில் காப்போரும், உச்சியில் இருந்த அதிகாரிகளைப்போல் மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தனர்!

"அவர்கள் சிகரெட் பிடித்திருப்பார்கள், கண்டதைத் தின்றிருப்பார்கள்" என்பர் சிலர். அதையும் கணக்கிட்டுக் கழித்தார்கள். கழித்த பின்னும் இடைவெளியின் பெரும் பகுதி அப்படியே நின்றது. இன்னொன்றும் தெரிந்தது. இடைவெளி சேவகனுக்கும் துரைக்கும் நடுவில் மட்டும் இல்லை. ஏணியிலே ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் ஒரு படி இறங்கியது. மேலதிகாரிக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் மேலதிகாரியைவிட முன்னதாகவே இறந்தார்.

1985இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில் பெண் ஊழியர்களும் சேர்க்கப்பட்டனர். தன் வேலையைத் தானே தீர்மானிக்க உரிமை இல்லாதவருக்கு இதய நோய் அதிகம் என்று அது காட்டியது. 'செய்' என்றால் செய்ய வேண்டும். 'ஏன்' என்று கேட்கக் கூடாது. அப்படி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் மனிதனின் மனம் மட்டுமா நோகிறது? இதயமும் நோகிறது! மேஸ்திரியின் அதட்டலுக்கும் மாரடைப்புக்கும் உறவு உண்டு என்று ஆலைத் தொழிலாளி அனுபவத்தில் அறிந்ததை விஞ்ஞானம் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டது.

இன்னும் ஒரு கணக்கு. ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ நகரம். நகரத்துக்குள்ளே கால்ட்டன் என்ற ஏழைப் பகுதி. நகரை ஒட்டினாற்போல் லென்ஸி என்ற வசதியானோர் பகுதி. நடுவிலே சில மைல்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008இல் இரண்டையும் எடுத்துக்காட்டியது. கால்ட்டனில் பிறக்கும் ஆண் எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 54. லென்ஸியிலே 82. 28 ஆண்டு வித்தியாசம்! கால்ட்டனிலே ஆஸ்பத்திரிக் கட்டணம் வசூலித்தார்களா? இல்லை. கதவு இரண்டு ஊருக்கும் ஒன்றுபோலத் திறந்தே இருந்தது.

அப்படியானால் கதவு வீணா?

இந்த இடத்திலே சிலர் துள்ளிக் குதித்து வருவார்கள். "பார்த்தீர்களா! இலவச ஆஸ்பத்திரியால் பயனில்லை. விற்றுவிடலாம். தனியாரிடம் கொடுத்துவிடலாம்" என்பார்கள். எச்சரிக்கை, தோழர்களே! கூரை ஒழுகுகிறது என்பதற்காகச் சுவரை இடிக்கச் சொல்லும் புத்திசாலிகள் இவர்கள்.

சந்தையை நம்பிய அமெரிக்காவைப் பாருங்கள். நாட்டின் மொத்த உற்பத்தியிலே ஏறத்தாழ 17 சதவீதத்தை மருத்துவத்துக்குக் கொட்டுகிறது. பிரிட்டன் செலவிடுவது 11 சதவீத அளவில்தான். ஆயினும் ஆயுளிலே அமெரிக்கா பின்னால் நிற்கிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கிலே ஏறத்தாழ 78. பிரிட்டனில் ஏறத்தாழ 81. கதவைக் கட்டணத்தால் அடைத்த நாட்டிலே செலவும் அதிகம், சாவும் முன்னதாகவே!

கதவு வீணில்லை என்பதற்கு அந்தச் சுரங்கக் கிராமத்து டாக்டரே சாட்சி. நோயாளி வரட்டும் என்று ஹார்ட் காத்திருக்கவில்லை. கிராமத்தில் வயது வந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்தார். வராதவரை விடவில்லை. 25 ஆண்டுகள் இப்படி உழைத்தார். விளைவு? அதேபோன்ற பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே அகால மரணம் கால் பங்குக்கும் மேல் குறைந்தது! கூரை அதே கூரை, கூலி அதே கூலி. கதவைத் திறந்து வைத்ததோடு நில்லாமல், வாசலைத் தாண்டி வந்து கையைப் பிடித்த மருத்துவம் அது.

ஆக, கதவு வேண்டும். கதவு மட்டும் போதாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவனே மக்கள்நல அரசைப் புரிந்துகொண்டவன்.

காசநோயை எண்ணிப் பாருங்கள். அதைக் கொல்லும் மருந்து பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது 1940களின் பிற்பகுதியில். ஆனால் அதற்கு முன்பே, நூறு ஆண்டுகளாகக் காசநோய்ச் சாவு அங்கே குறைந்துகொண்டே வந்தது. நல்ல சோறும், நெரிசல் குறைந்த வீடும், சுத்தமும் செய்த வேலை அது எனப் பல அறிஞர்கள் கூறினர். மருந்து வந்து மிச்சத்தை முடித்தது. சோறு பாதி, மருந்து பாதி. இதில் எதை விட்டாலும் இருமல் நிற்காது.

இதை பெவன் அறிந்திருந்தார். அவர் நாளிலே சுகாதார அமைச்சர்தான் வீட்டு வசதிக்கும் அமைச்சர்! ஒரே மேசையில் ஆஸ்பத்திரிக் கோப்பும் இருந்தது, வீட்டுக் கோப்பும் இருந்தது. தொழிலாளிக்குக் கட்டும் வீட்டை 750 சதுர அடியிலிருந்து 900 சதுர அடியாக உயர்த்தினார். "எண்ணிக்கை குறைகிறதே" என்றனர். குறைந்தாலும் குச்சு வீடு கட்ட மாட்டேன் என்று நின்றார். போர் முடிந்த ஆறு ஆண்டுகளிலே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

1951இல் அந்த மேசையைப் பிளந்தார்கள். வீடு ஓர் அமைச்சகம், ஆஸ்பத்திரி ஓர் அமைச்சகம் என்றாயிற்று. அன்று தொடங்கி, வீடு நோயை உண்டாக்கும். ஆஸ்பத்திரி அதைப் போக்கும். இரண்டும் ஒன்றையொன்று பாராது! ஐந்து அரக்கர்களையும் சேர்த்து வீழ்த்த வேண்டும் என்றது அறிக்கை. ஒருவனோடு மட்டும் மல்லுக்கு நின்றனர். மற்ற நால்வரும் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டனர்.

2010இல் மார்மட் தந்த அறிக்கை சொன்னது: இங்கிலாந்தின் மிக ஏழைப் பகுதியினர் மிகச் செல்வப் பகுதியினரைவிடச் சராசரியாக 7 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர். பின்னர் பத்தாண்டுகள் அங்கே செலவுக் குறைப்பு என்ற பெயரால் உதவித்தொகைகளும் ஊராட்சி நிதியும் வெட்டப்பட்டன. 2020இல் அவரே மறுபடி கணக்கெடுத்தார். ஆயுள் உயர்வது ஏறத்தாழ நின்றுவிட்டது. மிக ஏழைப் பகுதிகளின் பெண்களுக்கு ஆயுள் குறையவே செய்தது! அதே ஆண்டு கொரோனா வந்தது. இங்கிலாந்திலே மிக வசதியான பகுதிகளைவிட மிக ஏழைப் பகுதிகளில் சாவு விகிதம் இரண்டு மடங்கு அளவுக்குப் போயிற்று. கிருமிக்கு வர்க்கம் தெரியாது. ஆனால் நெரிசலான வீட்டுக்கும், விடுப்பு எடுத்தால் கூலி இல்லாத வேலைக்கும் வர்க்கம் உண்டே!

பெரியவருக்கு நம் விடை

அந்தப் பெரியவரை மறுபடி சந்திப்போம். இம்முறை தடுமாற மாட்டோம். இப்படிச் சொல்வோம்:

"ஐயா, நீங்கள் சந்தேகித்தது சரி. கதவு திறந்த நாட்டிலும் ஏழை முந்திச் சாகிறான். ஆனால் கதவு அடைத்த நாட்டிலே அவன் இன்னும் முந்திச் சாகிறான், கடன்பட்டும் சாகிறான். ஆகவே கதவைத் திறந்தே வைப்போம். ஒரு சாவியும் நுழைய விடமாட்டோம். அதோடு நிற்கவும் மாட்டோம். நோயாளியை ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்புவது எது? குறைந்த கூலி. ஒண்டுக் குடித்தனம். தூசி நிறைந்த பட்டறை. ஏனென்று கேட்க முடியாத வேலை. கூலி கேட்கும் போராட்டமும் சுகாதாரப் போராட்டமே. வீடு கேட்கும் ஊர்வலமும் சுகாதார ஊர்வலமே. பட்டறையில் தூசியை உறிஞ்சும் விசிறி கேட்டுக் கொடுக்கும் மனுவும் மருந்துச் சீட்டே!"

கேட்டுவிட்டு அவர் சிரிப்பார். நம்மை நோக்கி இன்னொரு கேள்வி கேட்டாலும் கேட்பார். கேட்கட்டும்! கேள்வி கேட்கும் தொழிலாளி இருக்கும்வரை மேடைப் பேச்சாளன் படித்துக்கொண்டே இருப்பான்.

தோழர்களே! ஆளவந்தவர் யாராயினும், எந்தக் கட்சியாயினும், ஆஸ்பத்திரித் திறப்பு விழாவுக்கு உங்களை அழைப்பார்கள். போங்கள். கைதட்டுங்கள். தட்டியபின் கையைத் தாழ்த்தாமல் உயர்த்தியபடியே ஒன்று கேளுங்கள்: "இந்தக் கட்டிடத்துக்கு எங்களை வரவைக்கும் தெருவை எப்போது திறந்து பார்க்கப் போகிறீர்கள்?"

ட்ரெடீகரின் சுரங்கத் தொழிலாளிகள் பவுனுக்கு மூன்று பென்ஸ் போட்டார்கள். ஒரு நாட்டின் கதவு திறந்தது. கதவுக்கு அப்பால் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்கும் பொறுப்பு உழைப்போருடையது. கேட்பவன் விழித்திருந்தால், கணக்கை ஒளிக்க எந்த விடுமுறை நாளும் போதாது!